பால்கொடுத்தாள் மேடு

எனக்கு வயது எழுபத்தாறு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். நாலாவதாக வளர்ந்தவள் என் ஓரம்படியாள், அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, பெற்றுப்போட்டுப் போன மகள். இது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவள் பிறந்த அன்று காலையில், மலையில் இரண்டு பாதை பிரிகிற இடத்தில் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு பொய் மட்டும் யாருக்கும் தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எழுதி முடித்தாக வேண்டும். அன்றைக்கு மலைப் பாதையில் நடுகிற பெயர்ப்பலகைக்கு வாசகம் வாங்கிக்கொண்டு போக ஆள் வருகிறது.

எழுத்து எனக்குச் சரளமாக வராது. பிள்ளைகள் சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் படிக்கப் பழகியவள் நான். ஆனால் அந்த மலையின் பெயர்கள் எனக்குத் தெரிந்த அளவுக்கு இன்றைக்கு உயிரோடு இருக்கிற வேறு ஒருவருக்கும் தெரியாது. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

மலைக்கென்று எங்களிடம் தனிப்பெயர் கிடையாது. சேலத்துப் பக்கத்துக்காரர்கள் தெற்கு மலை என்பார்கள். ராசிபுரத்துப் பக்கத்துக்காரர்கள் அதையே வடக்கு மலை என்பார்கள். மேலே இருந்த எங்களுக்கு அது ஊர், அவ்வளவுதான். கீழே இருப்பதெல்லாம் நாடு. மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் வீடுகள். ஒரு கூட்டத்து அடுப்புப் புகை இன்னொரு கூட்டத்துக்குத் தெரியாது. சாமையும் கேழ்வரகும் விளையும், பலா காய்க்கும். உப்புக்கும் சீலைக்கும் கீழே இறங்கியாக வேண்டும். ஏற மூன்று மணி நேரம், இறங்க இரண்டு. ஆள் குறைவு, வழி நீளம். அதனால் வழியில் நடந்த எதுவும் மறந்துபோவதில்லை. நடந்ததையே அந்த இடத்துக்குப் பெயராக வைத்துவிடுவார்கள்.

பானைக்காரர் ஒருவர் காவடிக் கம்போடு சறுக்கிய இடம் பானையுடைச்சான். தேன் எடுக்கப் போனவர் கயிறு அறுந்து போன பள்ளம் ஆள்விழுந்தான். உப்பு மூட்டையை இறக்கி வைத்து இறக்கி வைத்து, மாடுகள் வந்து நக்குகிற பாறை உப்புக்கல். செத்தவர்களின் சொந்தப் பெயரை மட்டும் எந்த இடத்துக்கும் வைக்கமாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அந்த ஆள் அங்கேயே நின்றுவிடுவார், போகவேண்டிய இடத்துக்குப் போகமாட்டார் என்பது மலைக்காரர்கள் எண்ணம். அதனால் என்ன நடந்தது என்பது மட்டும் பெயரில் இருக்கும், யாருக்கு என்பது இருக்காது. கடந்து போகிறவர்கள் ஒரு பச்சைக் கொப்பு ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

பாதி இறக்கத்தில் ஒரு கவடு. அங்கே வழி இரண்டாகப் பிரியும். நேராக இறங்கினால் ஒரு மணி நேரத்தில் அடிவாரம். ஆனால் நடுவில் பிள்ளைத்தாச்சிப் பாறை இருக்கிறது. என் மாமியாருக்கும் முந்தின காலத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி அதன்மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து பிள்ளை சுமக்கிற எவளும் அந்தப் பக்கம் போகக்கூடாது. மேட்டின் முதுகிலேயே நடந்து, மலையைப் பாதி சுற்றி இறங்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம். நான் பிள்ளை சுமந்தபோதும் அப்படித்தான் போனேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கேட்டவள் என் ஓரம்படியாள் ஒருத்திதான். அவள் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். சமவெளியில் வளர்ந்தவள். பேச்சே எங்களுக்கு வேறு மாதிரி கேட்கும். வந்த புதிதில் கையில் பலாச்சுளையை வைத்துக்கொண்டு என்னிடம் பெயர்களைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

“என்னாக்கா இது, விழுந்தான், உடைச்சான், செத்தான்னே பேரு வெச்சிருக்கீங்க? எங்கூர்ல எல்லாம் ஆலமரம், அரசமரம்னு வெப்பாங்க.”

“உங்கூருல நெழலு இருக்குது, மரத்துப் பேரு வெக்கறீங்க. இங்க வழிதான் இருக்குது.”

“பாறை என்னாக்கா பண்ணும்? அது பாட்டுக்குக் கெடக்குது.”

எனக்கு எரிச்சலாக இருக்கும். மாமியார் இறந்தபிறகு அந்த வீட்டில் பெண்களின் காரியம் எல்லாம் என் சொல்படிதான் நடந்தது. பிரசவம், தீட்டு, விருந்து எதுவானாலும் என்னைக் கேட்டுத்தான். ஆண்களும் அதில் தலையிடமாட்டார்கள். இந்தப் பெண் நேற்று வந்துவிட்டு என்னைக் கேள்வி கேட்கிறாளே என்று இருக்கும். ஆனால் அவள்மேல் ஆசையும் உண்டு. என் தலையில் பேன் பார்த்துவிடுவாள். என் மூன்றாவது பிள்ளை கைக்குழந்தை. அவன் அழுதால் என்னைவிட முன்னால் ஓடுவாள்.

ஆடி மாதம் அவளுக்கு வலி கண்டது. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியும் தலை இறங்கவில்லை. பொழுது விடிந்ததும் மலை மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு, “கீழ கொண்டு போயிருங்க” என்றாள். மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி அவளைப் படுக்கவைத்தார்கள். முன்னால் என் கொழுந்தனாரும் ஒரு பங்காளியும். பின்னால் என் வீட்டுக்காரரும் இன்னொரு பங்காளியும். என் கைக்குழந்தையை வீட்டோடு இருந்த சின்னத்தையிடம் விட்டுவிட்டு நான் தூளிக்குப் பக்கத்திலேயே நடந்தேன்.

கவட்டில் நால்வரும் நின்றார்கள். காற்று ஆளைத் தள்ளியது. முன்னால் நின்ற கொழுந்தனார் திரும்பாமலே கத்தினார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவது.

“நங்கை, நேரா எறங்கிரலாமுங்களா? நேரமில்லீங்க.”

பின்னால் இருந்த என் வீட்டுக்காரர், “பொம்பளைங்க காரியம். அவ சொல்றபடி செய்யி” என்றார்.

தூளிக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. குனிந்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. “நேராவே போவச் சொல்லுக்கா. என்னா ஆனாலும் பரவால்ல. பாறையப் பாத்தா எனக்குப் பயமில்லக்கா.”

காற்றில் அது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. கொழுந்தனார் மறுபடியும் கத்தினார். “என்ன சொல்றா?”

நான் நிமிர்ந்தேன். “மேட்டு வழியாவே போவோங்கறா” என்றேன்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று ஐம்பது வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாறைக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கொஞ்சம் பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது வேறு. பாறைப் பக்கம் போய் ஏதாவது ஆகிவிட்டால், மூத்தவள் நீ இருந்துமா போகவிட்டாய் என்று மூன்று ஊரும் என்னைக் கேட்கும். சுற்றிப் போய் ஏதாவது ஆனால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். அதுதான். அதற்கும் அவள் வாயையே கடன் வாங்கிக்கொண்டேன்.

மேட்டின் முதுகில் பாதி வழி போகும்போது தூளிக்குள் குழந்தை பிறந்தது. நான்தான் எடுத்தேன். பொட்டைப்பிள்ளை. பிறந்ததும் அழுதது. அதற்குப் பிறகு அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. கம்பளி ஊறிப் புல்லில் சொட்டியது. என் சீலையைக் கிழித்து அடைத்தேன். வடக்கே கீழே பனமரத்துப்பட்டி ஏரி வெயிலில் தகரத் துண்டு மாதிரி கிடந்தது. நேர்பாதையில் போயிருந்தால் அந்நேரத்துக்கு அடிவாரத்தில் வண்டி ஏறியிருப்போம். அதை நான் நினைத்தேன். கொழுந்தனாரும் நினைத்திருப்பார், முகத்தில் தெரிந்தது.

அவள் கண்ணைத் திறந்து, “இது எந்த எடம்க்கா?” என்று கேட்டாள்.

“பேரு இல்லாத எடம்” என்றேன். உண்மைதான். அந்த மேட்டில் அதுவரை எதுவும் நடந்ததில்லை.

அவள் போனபிறகும் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. வீட்டில் விட்டுவந்த பிள்ளைக்குக் கொடுக்காத பால் கட்டி, என் ரவிக்கை நனைந்திருந்தது. ஆண்கள் நால்வரும் திரும்பி நின்றுகொண்டார்கள். அவளுடைய தலைமாட்டிலேயே உட்கார்ந்து அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்.

இடத்துக்குப் பெயர் வைக்க யாரும் கூடிப் பேசுவதில்லை. யாரோ ஒருவர் சொல்லுவார், அடுத்தவர் சொல்லுவார், நின்றுவிடும். முப்பது நாள் கழித்து உப்பு வாங்கப் போன பெண்கள், “பால்கொடுத்தாள் மேட்டுல காத்து தாங்கல” என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டேன். மலை முழுக்க விழுந்ததற்கும் செத்ததற்கும் பெயர் இருக்க, உயிரோடு இருக்கிறவள் செய்ததற்குப் பெயர் வைத்தது எனக்கு ஒருத்திக்குத்தான். மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெயரை யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன். எனக்கு அது இனித்தது. அங்கே கொப்பு போடுகிறவர்களுக்கு, யாருக்காகப் போடுகிறோம் என்பதுகூடக் கொஞ்ச நாளில் மறந்துவிட்டது.

கொழுந்தனார் திருச்செங்கோட்டுக்காரர்களின் ரிக் வண்டியில் போர்வெல் போடுகிற வேலைக்குப் போய்விட்டார். வருடத்துக்கு ஒருமுறை மகளுக்குத் துணி வாங்கிக்கொண்டு அடிவாரம் வரைக்கும் வருவார், மேலே ஏறமாட்டார். நாங்கள் கீழே குடிவந்த பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அவ மட்டும் நேரா போவச் சொல்லியிருந்தான்னா, நான் யாரையும் கேட்டிருக்க மாட்டேனுங்க நங்கை. அவளே வேண்டாங்கறப்ப நான் என்ன பண்ணட்டும்?” என்றார். அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அதுதான் நான் செய்தது. அடுத்த வருடம் வடக்கே எங்கேயோ வேலை செய்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். என் வீட்டுக்காரரும் இல்லை, தூளி தூக்கிய பங்காளிகள் இருவரும் இல்லை.

மகள் படித்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறாள். நான் இருப்பது அவள் வீட்டில்தான். என் வயிற்றில் பிறந்தவர்கள் கூப்பிட்டும் நான் போகவில்லை. அவள் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுவாளாம். “எங்கம்மா ஒரு பாறைக்குப் பயந்து செத்துப்போனாங்க, நீங்க அப்படி இருக்காதீங்க” என்று சொல்லுவாளாம். அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். பெற்றவள்மேல் அவளுக்கு உள்ளூர ஒரு கோபம் உண்டு. தன்னைவிட ஒரு கல்லைப் பெரிதாக நினைத்தாளே என்ற கோபம்.

இப்போது மலைக்கு ரோடு வந்துவிட்டது. போன மாதம் ஜீப்பில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரோடு பிள்ளைத்தாச்சிப் பாறை இருந்த இடத்தின் வழியாகவே போகிறது. வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். கவட்டிலிருந்து அடிவாரம் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. நிறைமாதக்காரிகள் எல்லாம் அந்த ரோட்டிலேயே வண்டியில் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வளைவுக்கு வளைவு பலகை நடுகிறார்கள். பெயரும், அந்தப் பெயர் வந்த விவரம் இரண்டு வரியும். எழுதிக்கொள்ள வந்த அதிகாரி இளவயதுக்காரர், சிரித்த முகம்.

“ஏம் பாட்டி, இந்த மலையில ஒரு நல்ல பேருகூடக் கெடையாதா?”

“நல்லபடியாப் போனவன் வழியில நிக்கறதில்லீங்களே. அவனுக்கு எதுக்குங்க பேரு?”

“இந்தப் பால்கொடுத்தாள் மேடு ஒண்ணுதான் கேக்கறதுக்கு நல்லா இருக்கு. அதைப் பெரிய பலகையா வெச்சிரலாம்.”

மகள் அன்று சாயங்காலமே வாசகம் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினாள். ‘மூடநம்பிக்கையால் நேர்வழியை மறுத்து உயிரிழந்த தாயின் குழந்தைக்கு, மற்றொரு தாய் பாலூட்டிய இடம்.’ படித்துவிட்டு, “உங்க பேரையும் போட்டரலாமாம்மா?” என்று கேட்டாள். கண்ணெல்லாம் சந்தோஷம். உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பெண் எந்தக் கல்லுக்கும் பயந்ததில்லை. அவள் பயந்தாள் என்று பலகையில் எழுதி, மழையிலும் வெயிலிலும் நிறுத்திவைத்து, வருகிறவன் போகிறவனெல்லாம் படிக்கப் போகிறான். அதுவும் அவள் மகள் கையெழுத்தில்.

வாயால் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். ஒருதடவை அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஒருதடவை எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லியிருந்தால் பாதியில் அழுது, அவளும் அழுது, என்னைத் தேற்ற ஆரம்பித்திருப்பாள். எனக்கு அந்தத் தேறுதல் வேண்டாம். அதனால்தான் எழுதினேன். நேரே போகச் சொன்னவள் உன் அம்மா. சுற்றிப் போகச் சொன்னவள் நான். பலகையில் எதை எழுதுவது, அந்த மேட்டுக்கு என்ன பெயர் இருப்பது, இனிமேல் என்னை என்னவென்று கூப்பிடுவது, மூன்றும் உன் முடிவு.

கொழுந்தனாருக்கு இதைச் சொல்லாமல் விட்டேன். அதற்கு இனி வழியில்லை.

பேத்தி காலேஜிலிருந்து வந்துவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இப்போதே கொடுத்துவிடுகிறேன், நாளைக்கு என்றால் கிழித்துவிடுவேன்.

வா சாமி. காபி அப்புறம் குடிச்சுக்கலாம். உங்கம்மாளக் கூப்புட்டு எதுர்ல உக்காரச் சொல்லு. அம்மாயி எழுத்துல தப்பு இருந்தா இருந்துட்டுப் போவுது, திருத்த வேண்டாம். நடுவுல அவ எந்திரிச்சுப் போனாலும் நீ நிறுத்தாத. மொதல் வரியிலிருந்து சத்தமா வாசி, நானும் கேக்கறேன்.