யாருடைய முறையும் இல்லாத நாள்

எங்கள் வாப்பாவைத் தொலைத்தது நாங்கள் மூன்று பெண்மக்களும் சேர்ந்துதான். அந்த வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ஒருத்தி தலையில் ஒருத்தி பழியைப் போட்டுக்கொண்டு காத்தான்குடியைச் சுற்றினோம். பழி போட ஓர் ஆள் இருந்தது அன்றைக்கு எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வாப்பாவின் பெயர் ஆதம்பாவா. வயது எழுபத்தாறு. முப்பத்தைந்து வருடம் சாரனும் சீலையும் மூட்டை கட்டி, சைக்கிளில் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றவர். விடிய சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வீடு வருவார். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டி, உறுதிப் பத்திரத்தையும் அவள் பேரில் எழுதித்தான் கலியாணம் செய்து கொடுப்பது. வாப்பாவுக்கு மூன்று பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. ஆகவே மூன்று வீடு. முதலாவது ஸஹீதா ராத்தாவுக்கு. இரண்டாவது இன்ஷிரா ராத்தாவுக்கு. கடைசியில் தானும் உம்மாவும் இருந்த வீட்டையே இடித்துக் கட்டி, நிஸ்றா என்கிற எனக்கு. சண்டைக் காலத்தில் வாவியைக் கடக்க முடியாமல் மாதக்கணக்கில் சும்மா இருந்தவர்தான், ஆனாலும் ஒருத்தி வீட்டிலும் ஒரு கல்லைக் குறைக்கவில்லை. மூன்று வீடு கட்டிய மனிசனுக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லை என்பது, உம்மா மௌத்தாகும்வரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

உம்மா இருந்தபோது இரண்டு பேரும் என் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். உம்மா போன பிறகு, நான் மட்டும் ஏன் பார்க்க வேண்டும், மூன்று பேருக்கும்தானே வாப்பா என்று வாய் திறந்தது நான்தான். ஒளிக்க மாட்டேன். ஆளுக்கு ஒரு மாதம் என்று பேசி முடித்தோம். முதல் வருடம் இங்கிலீஸ் மாதக் கணக்கு. பெப்ரவரி இன்ஷிரா ராத்தாவுக்கு விழுந்தது, முப்பத்தொரு நாள் மார்ச் எனக்கு. "ஒனக்கென்ன கா, மூணு நாள் லாபம்" என்று நான் பகிடியாகச் சொன்னேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வாப்பா பக்கத்து அறையில் இருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அடுத்த நாள் அவரே வந்து சொன்னார்: "புள்ளைகள், பிறைக் கணக்குல வெச்சிக்கங்க. அதுல ஒருத்தருக்கும் கூடக் குறைய வராது."

நல்ல யோசனை என்று ஏற்றுக்கொண்டோம். அவர் எதற்காகச் சொன்னார் என்று கேட்கும் அறிவு அப்போது இருக்கவில்லை.

ஆனால் பிறையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மாதம் இருபத்தொன்பதிலும் முடியலாம், முப்பதிலும் முடியலாம். றமழான் பிறை, ஹஜ்ஜுப் பிறை என்றால் ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். மற்ற மாதத்துப் பிறையை யார் தேடுவது? என் வீட்டில் சுவரில் தொங்கும் கலண்டர் சொல்வதுதான் பிறை. இன்ஷிரா ராத்தாவைக் கட்டிய மாப்பிள்ளை அப்துல் மஜீத் மச்சான் பள்ளிவாசல் ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். பிறை கண்டால் அவருக்கு உடனே செய்தி வந்துவிடும்.

அந்த மாதத்துக்குக் கலண்டரில் முப்பது நாள் போட்டிருந்தது. இருபத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை பின்னேரமே பிறை கண்டுவிட்டார்கள். புதன்கிழமை காலைத் தேத்தண்ணீரோடு இன்ஷிரா ராத்தாவின் முறை முடிந்தது. வாப்பா தன் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு இறங்கிவிட்டார். என் கணக்கில் அவர் வியாழக்கிழமைதான் வர வேண்டும். நான் புதன் விடியவே வீட்டைப் பூட்டிவிட்டு, ஓட்டமாவடியில் ஒரு கலியாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன்.

வியாழன் காலை திரும்பி வந்து, பகலுக்கு அவருக்கும் சேர்த்துச் சமைத்தேன். பின்னேரம்வரை ஆளைக் காணவில்லை. சரி, வெள்ளி ஜும்ஆ தொழுத பிறகு அனுப்புவார்களாக்கும் என்று விட்டுவிட்டேன். ராத்தாவுக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் விசயம் அப்போதே தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. ஒரு நாள் கூட அங்கே நின்றால் நல்லதுதானே என்று மனசின் ஒரு மூலையில் இருந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு இன்ஷிரா ராத்தாவே எடுத்தாள்.

"நிஸ்றா, வாப்பாட சீனி வருத்தக் குளிசையெல்லாம் இஞ்சதான் கிடக்கி. ரெண்டு நாளா என்னத்தக் குடிக்காரு?"

"எனக்கிட்டக் கேக்கிற? வாப்பா ஒன்ட வீட்டதானே இரிக்காரு?"

"என்ன கா பேசுற? புதன்கிழமையே ஒன்ட வீட்ட வந்துட்டாரே!"

போனைக் காதில் வைத்தபடியே போய், பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தேன். அங்கே இல்லை என்று தெரிந்துதான் திறந்தேன்.

ஸஹீதா ராத்தா அபாயாவைப் புறம்மாறிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். என் மாப்பிள்ளை றிஸான் மோட்டார் சைக்கிளில் பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போனார். மஜீத் மச்சான் வாவிக் கரையோரம் போய் விசாரித்தார். புதன்கிழமை பின்னேரம் சாரன் உடுத்த வயசாளி ஒருவர் தண்ணி ஓரமாக நின்றதைக் கண்டேன் என்று ஒரு மீன்காரர் சொன்னாராம். சாரன் உடுக்காத வயசாளி எங்கள் ஊரில் யார் இருக்கிறார்? ஆனாலும் அந்தச் சாரன் என்ன நிறம் என்று கேட்டுவரச் சொன்னேன். சீனி வருத்தம் உள்ள மனிசன், குளிசை இல்லாமல் இரண்டு நாள். தலை சுற்றி எங்காவது விழுந்து கிடந்தால் யார் தூக்கியிருப்பார்கள்? அவரிடம் போன் கிடையாது. மூணு வீட்டிலயும் போன் இரிக்கி, எனக்கெதுக்கு என்பார்.

றிஸான் டவுன் ஆஸ்பத்திரிக்கும் போனார். அனுமதித்தவர்களின் பெயர்களில் ஆதம்பாவா என்று யாரும் இல்லை. "மத்த இடத்திலயும் கேட்டன், அங்கயும் இல்ல" என்றார் போனில். மற்ற இடம் எதுவென்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குப் பொலிஸில் போய் நின்றோம். முறைப்பாடு எழுதியவர், எங்கே குடியிருப்பவர் என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று விலாசம் சொன்னோம். எப்போதிருந்து காணவில்லை என்று கேட்டார். இன்ஷிரா ராத்தா புதன் என்றாள். நான் வியாழன் என்றேன். ஸஹீதா ராத்தா, "எனக்கு இண்டைக்குத்தான் தெரியும் சேர்" என்றாள். அவர் பேனையை வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு மகள்மார் இருக்கிறீங்க. ரெண்டு நாளா ஆள் இல்லாதது ஒருத்தருக்கும் தெரியாதா?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். அதற்குக்கூட அந்த மனிசன் இடம் தரவில்லை.

பொலிஸ் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து கோல் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

"வணக்கம், நான் வதனி கதைக்கிறன். பிரதேச செயலகத்தில முதியோர்ட விசயம் பார்க்கிற உத்தியோகத்தர். ஆதம்பாவா ஐயாட மகளா? அவர்ட முதியோர் அட்டை உறையில உங்கட நம்பர் இருந்தது. பயப்பிடாதீங்க, ஐயா சுகமா இருக்கிறார். டவுன் ஆஸ்பத்திரியில நிக்கிறார்."

"அங்க அவர்ட பேர் இல்லயே, மிஸ்!"

"நோயாளியா இல்லம்மா. ஒராளுக்குத் துணைக்கு நிக்கிறார்."

"ஆருக்குத் துணை?"

"அதைத்தான் உங்களட்டக் கேப்பம் எண்டு எடுத்தன்."

ஐந்து மணிக்கு நோயாளரைப் பார்க்க விடும் நேரம். ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் மெலிந்த ஒரு மனிதர் படுத்திருந்தார். வாயின் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கத்து முக்காலியில் வாப்பா. கரண்டியால் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் சந்தோசம் வரவில்லை, பயமும் வரவில்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதுபோலப் பார்த்தார்.

நடந்ததை வதனி மிஸ்தான் சொன்னாள். புதன்கிழமை வாப்பாவுக்குக் கிளினிக் நாள். என் வீட்டுக் கேற் பூட்டியிருக்க, குளிசைப் பெட்டியை விட்டுவிட்டு வந்ததும் ஞாபகம் வர, பஸ் ஏறி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்தும் எடுத்துவிட்டார். அங்கே அவர் உட்கார்ந்திருந்த வாங்கில் பக்கத்தில் இருந்த மனிதர் திடீரென்று சரிந்து விழுந்திருக்கிறார். தூக்க ஓடிவந்தவர்கள், இவரோடு வந்தது யார் என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாப்பா "நான்தான்" என்றிருக்கிறார். அந்த மனிதரின் பெயர் வினாயகமூர்த்தி. படுவான்கரை ஆள், மனைவி இல்லை, ஒரே மகன் வெளிநாட்டில். மகனின் நம்பருக்கு எடுத்தால் பதில் இல்லை. வார்டிலிருந்து வதனி மிஸ்ஸுக்கு அறிவித்திருக்கிறார்கள். வெள்ளி காலை அவள் வந்து பார்த்தால், கூட இருப்பவர் சொந்தக்காரரே இல்லை.

"முந்தியே தெரியுமா வாப்பா இவர?" என்று இன்ஷிரா ராத்தா கேட்டாள்.

"இல்ல மகள். அவர்ட ஊரில இருவது வருசம் வித்திரிக்கன். எனக்கிட்ட ஒரு சாரன்கூட வாங்கல்லயாம்."

கட்டிலில் கிடந்தவர் சிரிக்கப் பார்த்தார். எனக்கு மட்டும் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"ஆர்ட்டயாவது சொல்லி ஒரு கோல் எடுத்திரிக்கலாமே வாப்பா! நாங்க உசிரக் கையில புடிச்சிட்டுத் தேடின!"

வாப்பா கரண்டியை அப்படியே வைத்துவிட்டார்.

"தேடினீங்களா?" என்றார். உண்மையாகவே அவருக்கு அது புதினமாக இருந்தது. "ஒன்ட கேற் பூட்டிக் கிடக்கக்குள்ளயே எனக்கு வெளங்கிட்டு, பிறை மாறிப் போச்சி எண்டு. நீ, வாப்பா அங்க எண்டு நினைப்ப. அவ, இஞ்ச எண்டு நினைப்பா. ஒருத்தருக்கும் கரச்சல் இல்லாத நாள்தானே எண்டு இரிந்துட்டன்."

"எங்கட வீட்டயே திரும்பி வந்திரிக்கலாமே" என்று இன்ஷிரா ராத்தா அழத் தொடங்கினாள்.

"முறை முடிஞ்சிட்டே, மகள்."

"அப்ப ராவைக்கு எங்க படுக்க நினைச்சீங்க?" என்று கேட்டாள் ஸஹீதா ராத்தா.

"பள்ளியிலதான். இதுக்கு முந்தியும் ரெண்டு தரம் இப்பிடிப் பிறை மாறின. அப்பயும் பள்ளியிலதானே படுத்த."

பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அவர் எங்களை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசுவதற்கு வேண்டிய உரிமைகூடத் தனக்கு இல்லை என்று அந்த மனிசன் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பள்ளியில் படுத்த அந்த இரண்டு இரவும் நான் என் வீட்டில் ஃபேன் போட்டு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வாங்க வாப்பா போவோம் என்று மூன்று பேரும் மன்றாடினோம். வினாயகமூர்த்தி ஐயாவின் நல்ல கை வாப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. ஆண்கள் வார்டில் பெண்கள் இரவு தங்க முடியாது. றிஸான், "நான் நிக்கன் மாமா, நீங்க போங்க" என்று சொல்லிப் பார்த்தார். "அவருக்கு ஒங்களத் தெரியாது மகன். ராவையில எழும்பினாப் பயப்பிடுவாரு" என்றார் வாப்பா.

வதனி மிஸ் என்னை வெளியே கூப்பிட்டாள். மகன் வந்து சேரும்வரை ஐயாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் பார்ப்பதாகவும், அங்கே இடம் கேட்டு எழுதப்போவதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையிலிருந்த பைலை மூடினாள்.

"உங்கட வாப்பா காலையில என்னட்ட ஒண்டு கேட்டவர். அங்க இன்னொரு கட்டில் கிடைக்குமா எண்டு. ஆருக்கு ஐயா எண்டன். சும்மா கேட்டனான் எண்டு சிரிச்சார். பிள்ளைகளோட கதைக்காம நான் ஒண்டும் எழுத மாட்டன். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

"எழுதாதீங்க மிஸ்! அல்லாஹ்வுக்காக எழுதிராதீங்க. அவர் என்ட வீட்டயே இரிக்கட்டும். இனி மாதமும் இல்ல, முறையும் இல்ல."

"அதை என்னட்டச் சொல்லி என்னம்மா? அவர்ட்டச் சொல்லுங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். அந்தப் பின்னறை அவருடையதுதான், அந்த வீடே அவர் கட்டியதுதான், இனி யார் முறையும் இல்லை, ஐயாவை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பினதும் என் வீட்டுக்கே வாங்க என்று அழுதுகொண்டு சொன்னேன். ராத்தாமார் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கும் வாங்க என்றார்கள். பேச்சில் மறுபடியும் மூன்று வீடு வந்துவிட்டது என்று எனக்கே விளங்கியது. வாப்பா கேட்டுக்கொண்டே போர்வையின் சுருக்கத்தை நீவி விட்டார்.

பார்க்கிற நேரம் முடிந்தது, வெளியே போகச் சொல்லித் தாதி வந்தாள். வாப்பா எழுந்து எங்களோடு படிவரைக்கும் நடந்து வந்தார். இன்ஷிரா ராத்தா கொண்டுவந்த குளிசைப் பெட்டியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். றிஸானிடம், மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டுங்க மகன் என்றார்.

பிறகு என் தலையில் கையை வைத்து, "வந்ததுக்கு நல்ல சந்தோசம் மகள்" என்றார், வந்துவிட்டுப் போகிற விருந்தாளிக்குச் சொல்வதுபோல. நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வார்டுக்குள் போய்விட்டார்.