வெள்ளிக்கிழமைப் புகையும் என் கணினியும்

கணினியின் விசிறியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். சாம்பிராணி மணத்தது. இறக்கைகளில் கரும்பிசுக்கு அப்பியிருந்தது. விரலால் தேய்த்தால், திருநீற்றுக் கிண்ணத்தில் கைவிட்டது போல் சாம்பல். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. மலேசியாவில் பெடாஸ் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி, பால்மரம் வெட்டிய காலத்துச் சேமிப்பில் என் மாமியார் வாங்கிய வீடு அது. எனக்கு வேலை சிரம்பானில். கல்யாணமாகி வந்தபோது துணிப்பெட்டியோடு நான் கொண்டுவந்த சீதனம், விளையாடுவதற்கென்று மலிவாக வாங்கிய ஒரு கணினி. அத்தை முகம் சுளிக்கவில்லை. கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்தில் நல்ல காற்றோட்டமான மூலையை அவரே ஒழித்துக் கொடுத்தார். என்னிடம் மட்டும் நேரே பேசமாட்டார். அடுப்படி வாசலில் நின்று, "மாப்பிள்ளை சாப்பிட வர்றாங்களான்னு கேளும்மா" என்று மகளிடம் சொல்வார். நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

கொஞ்ச நாளாகவே கணினி திணறியது. எதிரி சுடும்போது என் ஆள் மட்டும் மரம் மாதிரி நிற்பான். எதை மாற்றுவது? கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் பழைய பவர் சப்ளை அதைத் தாங்குமா? ரேம் மட்டும் கூட்டினால் சரியாகுமா? மந்தினில் இருக்கும் நண்பன், "முதல்ல தொறந்து பாரு லா. தூசி அடைச்சிருந்தா எந்தக் கார்டு போட்டாலும் சூடாயிடும்" என்றான். திறந்தேன். வெள்ளிதோறும் அத்தை தணலில் சாம்பிராணி போட்டு மூலைமுடுக்கு விடாமல் வீடு முழுக்கக் காட்டுவார். என் கணினிக்குக் கூடுதலாக ஒரு சுற்று. மாப்பிள்ளை சாமானாயிற்றே, கண் பட்டுவிடக்கூடாது! அந்தப் புகையை எல்லாம் விசிறி உள்ளே இழுத்திருக்கிறது.

"உங்கம்மா சாமிக்குப் போடுற புகைய எல்லாம் என் கம்ப்யூட்டர்தான் குடிச்சிருக்கு. இப்படியே போனா இதுக்கும் ஒரு மாலையப் போட்டுட வேண்டியதுதான்" என்றேன் மனைவியிடம். கேலிதான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அது காதில் விழுந்தும் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சிரித்தேன்.

அடுத்த வெள்ளி நல்ல மழை. வீட்டுக்குள் புகை வாசமே இல்லை. சன்னல் வழியே பார்த்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் தூபக்கால்; தணல் அணையாமல் ஊதி ஊதி, அத்தை வீட்டை வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து புகை காட்டிக்கொண்டிருந்தார். காலமான மாமனாரின் படம் உள்ளே சுவரில் இருந்தது. அதற்கு நேரே வந்ததும், சன்னல் கம்பியோரம் நின்று, புகை உள்ளே போய்விடாதபடி தூபக்காலைத் தாழ்த்திப் பிடித்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெறும் கையை மட்டும் நீட்டிக் கும்பிட்டார். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாப்பிள்ளை சாமான நான் கெடுத்துட்டேனேன்னு ரெண்டு நாளா அழுவுறாங்க" என்றாள். சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது.

கிராஃபிக்ஸ் கார்டு ஆசையை அன்றே விட்டேன். கணினியை எங்கள் அறைக்கு மாற்றி, பிசுக்கைச் சுரண்டித் துடைத்து, தூசி வலை உள்ள பெட்டியும் புது விசிறியும் வாங்கி மாட்டினேன். திணறல் போய்விட்டது. நேரே அத்தையிடம் போய், "இனி ஒண்ணும் ஆகாதுங்க அத்தை. உள்ளயே காட்டுங்க" என்றேன். குனிந்த தலையோடு சரி என்றார்.

காட்டுகிறார்தான். ஆனால் இன்றைக்கும் வெள்ளிக்கிழமையானால், தூபக்காலோடு வாசற்படிக்கு வெளியே நின்றுவிடுகிறார். "மாப்பிள்ளைகிட்ட கேளும்மா, உள்ள வரலாமான்னு." அவர் வீடு அது. "வாங்க அத்தை" என்று நான் சொன்ன பிறகுதான் காலை உள்ளே வைக்கிறார்.