திருநள்ளாறு முடிந்து தரங்கம்பாடி

எங்கள் தொழிலில் பஸ் பஞ்சரானால் பயமில்லை, ஸ்டெப்னி இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் "வூட்டுக்கு வுடு" என்று கிளம்பினால்தான் பயம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து நான் டூர் பஸ் விடத் தொடங்கிய புதிதில் அது நடந்தது. சிதம்பரம், பூம்புகார், தரங்கம்பாடி, கடைசியில் திருநள்ளாறு என்று அழகாக ரூட் போட்டிருந்தேன். சிதம்பரம் தாண்டியதும் தியாகதுருகத்துப் பெரியவர் கோவிந்தன் எழுந்து நின்றார்.

"நாளைக்கு சனிக்கிழமப்பா. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். திருநள்ளாற இன்னிக்கே முடிச்சிடு."

பஸ் முழுக்க ஆமாம் போட்டது. சரி, மற்றதைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராகத் திருநள்ளாற்றுக்கு விடச் சொன்னேன்.

குளத்தில் முழுகி, தரிசனம் முடித்து, எல்லோரும் சிரித்த முகமாக ஏறினார்கள். "அடுத்த ஸ்டாப் தரங்கம்பாடி" என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சனீஸ்வரனப் பாத்துட்டு வேற எங்கனா போவாங்களா? நேரா வூட்டுக்குத்தான் போவணும்."

"நீங்கதானேய்யா இங்க மொதல்ல வரச் சொன்னீங்க?"

"அது கூட்டத்துக்காகச் சொன்னது. இது சாமிக்காகச் சொல்றது."

அதற்கும் பஸ் ஆமாம் போட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பின் சீட்டில் இருந்த மல்லிகாவைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கல்வராயன் மலைக்காரர், கடலையே பார்த்ததில்லை. வழியில் ஏரி வந்தபோதெல்லாம் "இதுவாங்க கடலு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர். இப்போது கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து முன்னால் வந்தார்.

"பெரியவரே, வேற எங்க போவக் கூடாதுங்க?"

"வேற கோயிலுக்குப் போவக் கூடாது. அடுத்தவங்க வூட்டுக்குப் போவக் கூடாது."

"கடலு கோயிலா?"

"இல்ல."

"அப்ப யாரு வூடு அது?"

பஸ்ஸே சிரித்துவிட்டது. பெரியவர் தலையாட்டினார். "சரி, கடலு மட்டும். அங்க இருக்கிற கோட்டைக்குள்ள கால் வெக்க மாட்டேன். அது எவனோ வெள்ளக்காரன் இருந்த வூடு."

தரங்கம்பாடியில் முழங்கால் தண்ணீரில் நின்ற மல்லிகா, கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லை. டிரைவர் ஹாரன் அடிக்கப் போனார். பெரியவரே தடுத்தார். "இரப்பா, பாத்துக்கினு இருக்குது இல்ல."

பூம்புகாரைக் காட்ட முடியாமல் ஊர் திரும்பினோம். இறங்கும்போது மல்லிகாவிடம் வருத்தம் சொன்னேன்.

"இன்னும் இன்னாங்க பாக்கணும்? அதான் பாத்துட்டேனே" என்றார்.

இன்றைக்கும் என் ரூட்டில் திருநள்ளாறு கடைசிதான், சனிக்கிழமையானாலும் சரி. டூர் நடத்த வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேப்பைத் திறக்கும் முன், யார் எதைப் பார்க்க ஏங்கி வருகிறார்கள் என்று கேளுங்கள். அதை முதல் ஸ்டாப்பாகப் போடுங்கள்.