காட்டுப் பணம்

"...காட்டாதவன் ஆட்டத்துலயே இல்லைன்னான் என் மருமவன். நீ காட்டுன. காட்டுனதுக்கு மேல கொஞ்சம் வெச்சவனுக்குக் குடுத்துட்டான். நான் இன்னா பண்றது தம்பி? வூடு என்னுது, பத்திரம் என் பொண்ணு பேருல இருக்குது."

பாயம்மா இதைச் சொன்னபோது நானும் என் வீட்டுக்காரியும் அவர் வீட்டு வாசல்படிக்குக் கீழே நின்றிருந்தோம். ஆலங்காயத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கிற தெரு. எப்போதும் எனக்கு முன்னால் படியேறிப் போகிறவள் அன்றைக்கு ஏறவில்லை. பக்கத்தில் மெடிக்கல் ஷாப்காரர் டேப்பை நீட்டி முன்சுவரை அளந்துகொண்டிருந்தார். ஷட்டர் வைக்கப் போகிறாராம். வீடு அவருக்கு முடிந்துவிட்டது என்று பாயம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த டேப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அந்த வீடு எங்களுக்கு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஜவ்வாது மலைக்காரன். எனக்கு இருப்பது கொஞ்சம் சாமைக் கொல்லை, சில புளியமரம். அக்கம்பக்கத்து மரங்களின் காயையும் குத்தகைக்கு எடுத்து உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, கீழே கொண்டுவந்து விற்பேன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. மிச்சத்தை ஆட்கள் பேசுவதைக் கேட்டுத்தான் படித்தேன். யாராவது வாய்க்கு ருசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை நாள்பூரா மென்றுகொண்டிருப்பேன். என் வீட்டுக்காரிக்கு அது பிடிக்காது. "அவங்க சொன்னத வூட்டுக்குத் தூக்கினு வர்றீங்க, நான் சொன்ன உப்ப மறந்துட்டு வர்றீங்க" என்பாள்.

அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் வாணியம்பாடியில் டயாலிசிஸ். இருட்டோடு எழுந்து மலையிறங்கி, ஆலங்காயத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். "ரத்தத்தத் துவைச்சுப் புழிஞ்சு திருப்பிப் போடறாங்க" என்று ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வாள். திரும்பி வரும்போது அவளே பிழிந்த துணி மாதிரிதான் இருப்பாள். மலையேறுகிற பஸ் சாயந்திரம்தான். அதில் ஏறினால் ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி. வீடு போய்ப் படுத்து, மறுநாள் எழுந்து உட்கார்ந்து, அதற்கு மறுநாள் கொஞ்சம் சிரித்துப் பேசினால், அடுத்த நாள் மறுபடி இறங்க வேண்டும். எனக்கும் அவளுக்கும் அலுத்துப்போயிற்று. யார்மேல் கோபித்துக்கொள்வது என்றுகூடத் தெரியாத அலுப்பு அது.

மதியம் வாணியம்பாடியிலிருந்து வந்து இறங்கி, சாயந்திரம் ஏறும்வரை அவள் படுத்திருந்தது பாயம்மா வீட்டில்தான். வருஷாவருஷம் அவருக்குப் புளி கொண்டுவந்து போடுகிறவன் நான். முதல் நாள் அவள் முடியாமல் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பாயம்மா கதவைத் திறந்து பார்த்தார். "படியில உக்காந்தா கடன் வசூல் பண்ண வந்தவங்க மாதிரி இருக்குது. தெருவுல என் மானம் இன்னா ஆவும்? உள்ள வந்து படு, பேட்டி" என்றார். அவர்கள் பாஷையில் பேட்டி என்றால் மகள். என் வீட்டுக்காரி அதை அறியாமல், "என்னை எதுக்குப் பேட்டி எடுக்கறீங்க, நான் இன்னா மந்திரியா?" என்று கேட்டாள். பாயம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஆரம்பித்தது அவர்கள் சிநேகம். ஃபேனுக்கு நேர் கீழே ஒரு கயிற்றுக் கட்டில். டயாலிசிஸ் நாளில் அது அவளுடையது.

பாயம்மாவுக்கு முட்டி தேய்ந்து தனியாக இருக்க முடியவில்லை. சென்னையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறார், இந்த வீட்டை விற்கிறார்கள் என்று தெரிந்த அன்று, மலையேறும் பஸ்ஸில் என் வீட்டுக்காரி வாந்தி எடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த வூட்ட நாமளே கேட்டுப் பாக்கலாமா? எனக்கு வூடுன்னு இல்ல. இறங்கி ஏறாம கெடக்க ஓர் எடம்."

கேட்டேன். விற்பனையைப் பார்த்துக்கொண்டது பாயம்மாவின் மருமகன். சென்னையில் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை. மரியாதையான பையன்தான், போனில் 'அங்கிள்' என்றே பேசுவார். "அங்கிள், ரெண்டு மூணு பேர் கேக்கறாங்க. யார் நிஜமா வாங்கறவங்கன்னு எனக்குத் தெரியணும். ஃபண்ட்ஸ் இருக்குன்னு ஒரு ப்ரூஃப் வாட்ஸ்அப்ல போட்டுடுங்க. அதுக்கப்புறம் உங்க விலைய சொல்லுங்க" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த ஃபண்டு ஒன்றுதான், தீபாவளி ஃபண்டு. மாசாமாசம் கட்டினால் தீபாவளிக்கு ஸ்வீட், பட்டாசு, ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுப்பார்கள். வீடு வாங்குகிறவன் நாணயமாக மாசத் தவணை கட்டுகிறவனா என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். ஒரு மாசம்கூட விடாமல் கட்டின அந்த அட்டையைத் துடைத்து, வெயிலில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ப்ரூஃப் என்றாரே என்று கூடவே ஆதார் கார்டும்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அங்கிள், இது பட்டாசு வாங்கற கார்டு."

"ஆமாங்க, ஒரு மாசம்கூட பாக்கி இல்ல பாருங்க."

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கியிருப்பார். ஃபண்ட்ஸ் என்றால் கையில் இருக்கிற பணம் என்று புரியவைத்து அவர் போனை வைத்தபின், என் வீட்டுக்காரிதான் வாய்விட்டுச் சிரித்தாள். "பத்துவாள வெச்சு வூடு புடிக்கப் பாத்தீங்களே!" பட்டாசுச் சரத்துக்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உடம்பு நோக நோகச் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பணம் இல்லாமல் நாங்கள் விலை கேட்கப் போகவில்லை. எங்களிடம் இருந்தது. புளியாக இருந்தது. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மிதித்து, கூடைகூடையாக அடுக்கி, ஓர் அறை முழுக்க. மலையில் எங்கள் மாதிரி ஆட்களின் சேமிப்பு அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். மாசியிலும் பங்குனியிலும் எல்லார் வீட்டுப் புளியும் சந்தைக்கு வரும், விலை விழும். ஆடி வரை பொறுத்தவனுக்கு நல்ல விலை. அந்த விலைக்குக் கணக்குப் போட்டால் எங்கள் நகையும் சேர்ந்து பாயம்மா வீட்டுக்குத் தாராளமாக வரும். ஆனால் அப்போது பங்குனி.

"புளியவே புடிச்சு அனுப்புங்க" என்றாள் வீட்டுக்காரி. கூடைகளுக்கு நடுவில் அவளே நின்றாள். அனுப்பினேன். 'நைஸ், அங்கிள். பட் பேங்க் லெட்டர்தான் வேணும்' என்று பதில் வந்தது. அந்த வாரக் கடைசிக்குள் வேண்டுமாம்.

பேங்கில் ஒரு மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நிலப் பட்டாவைக் காட்டினேன். மலை நிலத்தை வெளியாளுக்கு விற்க முடியாது, அதை வைத்து எதுவும் எழுதித் தர முடியாது என்றார். "புளிய வந்து ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு எழுதுங்கம்மா" என்றேன். "நான் பாத்தா போதாதுங்க, கம்ப்யூட்டர் பாக்கணும்" என்றார். நல்ல வார்த்தை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கிறவரை அதையேதான் மென்றேன்.

நேராக மண்டிக்குப் போனேன். நான் புளி போடுகிற மண்டிக்காரர் கல்லாவில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இவ்ளோதானா? காட்டுப் பணம் போட்டா முடிஞ்சுது."

"நம்மகிட்ட இருக்கிறது எல்லாமே காட்டுப் பணம்தானுங்களே" என்றேன். காட்டில் விளைந்த பணம் என்று நினைத்தேன்.

அவருக்குப் புரையேறிவிட்டது. "யோவ், காடு இல்லய்யா. காட்டறதுக்குன்னு ஒரு பணம். நான் உன் அக்கவுண்ட்ல போடறேன், நீ லெட்டர் வாங்கிக்க, மறுநாள் நான் எடுத்துக்கறேன். ஃபாரினுக்குப் போறவனெல்லாம் இப்படித்தான் காட்டறான். வட்டின்னு ஒண்ணும் வேணாம். ஒரு வெத்து செக்குல கையெழுத்துப் போட்டுக் குடு, வர்ற வருஷத்துப் புளியும் எனக்கே என் விலைக்குப் போடு."

மலையேறிப் போய் இதை வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்தாளு துட்ட நம்ம கணக்குல வெச்சிட்டு ஒரு ராத்திரி நீங்க தூங்குவீங்களா?"

"ஒரு ராத்திரிதானே."

"நீங்களும் தூங்க மாட்டீங்க, ஊசி குத்துன கையோட என்னையும் தூங்க விட மாட்டீங்க. வித்துடுங்க."

"இப்ப வித்தா விலை இல்லையே."

"அதான் காட்டணும்னு சொல்றாங்களே."

விற்றேன். அதே மண்டிக்காரரிடம்தான். அந்த அவசரத்தில் வண்டி பிடித்து வேறு எங்கே போவது? கூடைகளை இறக்கும்போது அவர் என்னைப் பார்த்து, "மூஞ்சிலயே அவசரம்னு எழுதி ஒட்டிக்கினு வந்திருக்க. நான் எப்படிக் கூட்டிக் குடுக்கறது?" என்றார். அவர்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் பார்த்திருப்பேன். நகையையும் அடகு வைத்து எல்லாப் பணத்தையும் பேங்கில் போட்டேன். கம்ப்யூட்டர் பார்த்தது. மேடம் முத்திரை குத்தி லெட்டர் கொடுத்தார். இருக்கிறது என்று காட்டுவதற்காக விற்றதில் இருந்ததே குறைந்துபோயிருந்தது. ஆனாலும் மருமகன் சொன்ன ஆரம்ப விலையை அது தாண்டியது.

லெட்டரைப் போட்டோ எடுக்கப்போனபோது வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். "இன்னாங்க, மாட்டுச் சந்தையில துண்டப் போட்டு மூடி, உள்ள விரலப் புடிச்சுத்தானே விலை பேசுவாங்க? இவங்க துண்ட எடுத்துட்டுல்ல பேசச் சொல்றாங்க. நம்மகிட்ட இருக்கிற கடைசி ரூபா வரைக்கும் இதுல இருக்குதே."

"படிச்ச பையன். அதெல்லாம் செய்ய மாட்டார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்திரச் செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு மிச்சம் அத்தனையையும் எங்கள் விலையாகச் சொன்னேன். அதற்கப்புறம் அவரிடமிருந்து சத்தமில்லை. அடுத்த டயாலிசிஸ் நாள் வந்தது. இறங்கினோம்.

அன்று மதியம் பாயம்மா வாசலில் நாங்கள் கேட்டது இதுதான். மருமகன் வந்திருந்தபோது போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருக்கிறார். பாயம்மா அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறார். 'அவங்ககிட்ட மொத்தமே இவ்வளவுதான் சார், லெட்டர் இருக்கு. அதுக்கு மேல அம்பதாயிரம் வெச்சீங்கன்னா உங்களுக்கே முடிச்சிடறேன்.' மறுமுனையில் மெடிக்கல் ஷாப்காரர். அவரும் லெட்டர் காட்டியிருந்தார். அவருடையதில் இன்னும் நிறைய இருந்திருக்கும், அதனால் அதைக் காட்டியதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"நான் சண்ட போட்டேன் தம்பி. 'அம்மா, மார்க்கெட் இப்படித்தான்'னான். எனக்கு அவன் வூட்லதான் இனிமே சோறு." பாயம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். உட்கார வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். பணம் பேங்கில் பத்திரமாக இருக்கிறது. இனி யாருக்கும் அதைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆடியில் விற்கப் புளி இல்லை. சாயந்திர பஸ்ஸுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. என் வீட்டுக்காரி கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த இடத்தை அழுத்திக்கொண்டு, படியைப் பார்த்தபடி நின்றாள். "பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துக்கலாம், வாங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அளந்துகொண்டிருந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "பாயம்மா, கொஞ்சம் உள்ளயும் அளவு எடுத்துக்கறேன். அஞ்சு நிமிஷம். கட்டில மட்டும் நிமித்தி ஓரமா சாத்திட்டீங்கன்னா வேலை ஆயிடும்."

பாயம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். ஊசி குத்தாத கையாகப் பார்த்து என் வீட்டுக்காரியைப் பிடித்து மேலே ஏற்றினார். என்னையும் உள்ளே தள்ளினார். ஃபேனைப் போட்டார். பிறகு திரும்பிப் போய், டேப்போடு நின்றவரின் முகத்துக்கு நேராகத் தெருக்கதவைச் சாத்தி, மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார்.