வாய்க்கால் சுத்தியல்

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் இருந்த வீட்டின் தொலைபேசி, மாலையில் அம்மா சோற்றுக்கு உலை வைக்கும் நேரத்தில் ஒரேயொரு தடவை ஒலித்துவிட்டு நின்றுவிடும். அழைப்பவர் மாமா, அம்மாவின் தம்பி. அம்மா எடுக்கமாட்டார். இருவரும் பேசாமல் இருந்த காலம் அது. பேசாததற்குக் காரணம் நான்.

மாமா லண்டனுக்கு வருமுன் சுவிஸில், ஜேர்மன் பேசும் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் சில ஆண்டுகள் அகதியாக இருந்தவர். விடுதிச் சமையலறையில் கோப்பை கழுவியவர். மலையுச்சியெல்லாம் பனி மூடியிருக்க, கீழே புல்வெளிகள் காய்ந்து கிடக்கும் விசித்திரமான இடம் அது. இருபுறமும் நிற்கும் உயர்ந்த மலைகள் மழையை மறித்துவிடும். அதனால் அந்தச் சனங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செங்குத்துப் பாறைகளில் மர வாய்க்கால்களைத் தொங்கவிட்டு, பனி உருகிய நீரை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் முறைவைத்துப் பாய்ச்சினார்கள். "பனிக்குள்ளை இருந்துகொண்டு தண்ணிக்குச் சண்டை பிடிச்சவங்கள். எங்கடை ஆக்கள்தான்" என்று மாமா சிரிப்பார்.

ஒரு கோடையில் அவரை வாய்க்கால் காவலருக்கு உதவியாக அனுப்பினார்கள். காவலரின் குடிசையருகே, ஓடும் நீரில் சிறு சக்கரமொன்று சுழலும். அது ஒரு மரச் சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் பலகையில் போடும். எங்கள் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தட்டி மாமா அந்தச் சத்தத்தைக் காட்டுவார். "இது கேக்குமட்டும் நிம்மதியாய் நித்திரை கொள்ளலாம். நிண்டால்தான் எழும்பி ஓடவேணும். எங்கையோ உடைஞ்சுபோச்சு எண்டு அர்த்தம்." பிறகு அவருடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பள்ளத்தாக்கை விட்டுப் போகச் சொன்னார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது இன்றும் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். அம்மாவின் படிப்பையும் மாமாவின் படிப்பையும் போர் பாதியில் நிறுத்தியது. ஆகவே மகள் மருந்தாளராகப் போகிறாள் என்று அம்மா வெம்பிளியிலுள்ள சொந்தக்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். நானோ புவியியல் என்றேன். விரும்பினதைப் படிக்கட்டும் என்று மாமா எனக்காகப் பேசினார்.

"மலையைக் கரைச்சு ஆருக்கு மருந்து குடுக்கப்போறாள்? உன்னைத் துரத்தின மலையைக் கொண்டுவந்து என்ரை பிள்ளையின்ரை தலையிலை ஏத்திப்போட்டாய்" என்றார் அம்மா.

"துரத்தினது அரசாங்கக் கந்தோர், அக்கா. மலை ஒண்டும் சொல்லேல்லை."

அம்மா சிரிக்கவில்லை. இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். மாமா மிதிக்கவில்லை. மறுநாள் மாலை தொலைபேசி ஒருதடவை ஒலித்து ஓய்ந்தது. திரையில் அவருடைய இலக்கம். அம்மா அதைப் பார்த்துவிட்டு அரிசி கழுவப் போனார். அதன்பின் நாள்தோறும் அப்படித்தான்.

பல்கலைக்கழகத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் பழைய வரலாற்றைப் படித்தேன். அங்குள்ளவர்களின் முன்னோரும் வடக்கிலிருந்து கணவாய்கள் தாண்டி வந்தவர்களே. அவர்களிற் சிலர் மேலும் நகர்ந்து, வேறு எவரும் விரும்பாத உயரங்களைத் திருத்தி வாழ்ந்து, அதற்கு ஈடாக அங்கே இருக்கும் உரிமையைப் பெற்றார்கள். மாமாவைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். "அப்ப அவையும் வந்த ஆக்களே? வந்த ஆக்களுக்கு எப்பவும் மேல் மாடி ரூம்தான்" என்றார். அவர் அப்போது லண்டனின் மறுபுறத்தில், செவன் கிங்ஸில், ஒரு வீட்டின் கூரைக்குக் கீழிருந்த அறையில் வாடகைக்கு இருந்தார்.

ஒரு குளிர்கால மாலையில் தொலைபேசி ஒலிக்கவில்லை. சோறு வெந்தது. அம்மா வடித்தார். கறி இறக்கினார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "அவன் அடிக்கேல்லை" என்றார். நான் அழைத்துப் பார்த்தேன். பதில் இல்லை. வீட்டு உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு அம்மா ரயில் நிலையத்துக்கு நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

வீட்டுக்காரரின் மகன் கதவைத் திறந்துவிட்டான். மாமா காய்ச்சலில் கிடந்தார். மூச்சு இரைத்தது. கைத்தொலைபேசி அணைந்துபோய்க் கட்டிலடியில் கிடந்தது.

"ஏன்ரா அடிக்கேல்லை?"

"நீங்கள்தான் எடுக்கிறேல்லையே, அக்கா."

"எடுக்காட்டி? கேக்கேல்லை எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

இன்னும் பிந்தியிருந்தால் நுரையீரல் தாங்கியிருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா அவரைத் தேற்றி எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார். இருவரும் பழையபடி சண்டை பிடித்தார்கள், இப்போது நேருக்கு நேர்.

படிப்பு முடிந்த கோடையில் நான் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனேன். மாமாவையும் அழைத்தேன். பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தும் அவர் வரவில்லை. "பாக்கவேணும் எண்டில்லை. ஓடுது எண்டு தெரிஞ்சால் காணும்" என்றார். இன்று பெரும்பாலும் குழாயில்தான் தண்ணீர் வருகிறது. ஆனாலும் ஒரு பழைய வாய்க்காலையும் அதன் சுத்தியலையும் ஊர்க்காரர் பேணி வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு அழைத்து, கைத்தொலைபேசியைச் சுத்தியலருகே பிடித்தேன். மறுமுனையில் அவர் அதே தாளத்தில் கரண்டியால் மேசையைத் தட்டுவது கேட்டது. பிறகு, "ஓடுது, என்ன?" என்றார். "ஓம் மாமா" என்றேன்.

போன குளிர்காலத்தில் மாமா காலமானார். நான் இப்போது ஒரு கவுன்சிலில் வெள்ளத் தடுப்புப் பிரிவில் வேலை செய்கிறேன், தனி வீட்டில் இருக்கிறேன். இறுதிச் சடங்குகள் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் கலைந்துபோன பிறகு, ஒரு மாலை என் கைத்தொலைபேசி ஒருதடவை ஒலித்து நின்றது. திரையில் அம்மாவின் இலக்கம். எடுக்கக் கை போனது. எடுக்காமல், அரிசி கழுவப் போனேன்.