உருளைக்கு வைத்த பொட்டு

எங்கள் கம்பெனிக்குள் நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் பிளேடால் கிழிபட்ட ஒரு வெள்ளை ரோல். ‘சந்தேகம் வந்தால் நாங்களே கிழித்துவிடுவோம்’ என்று கீழே பித்தளைத் தகட்டில் எழுதி வைத்திருக்கிறார் முதலாளி. நாங்களாம்! கிழித்தது நான். கிழித்ததற்காக என்னை வேலையை விட்டுத் துரத்தியவர் அவர். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போகிறேன், தினமும் வயிறு எரிகிறது.

கடலூர் தொழிற்பேட்டையில், மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய ரசாயனக் கம்பெனிகளுக்குப் பின்னால், எங்களுடையது ஒரு சின்ன ஷெட். பேட்டரிக்குள் பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைப்பார்கள். அதற்கு செப்பரேட்டர் என்று பெயர். சூடேறினால் அந்தத் தாள் சுருங்கிவிடும். சுருங்கினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், தொட்டால் தீதான். சுருங்காமல் இருக்க, அலுமினா என்கிற பீங்கான் வகைப் பொடியை, கண்ணுக்கே தெரியாத நானோ அளவுத் துகள்களாக வாங்கி, தண்ணீரிலும் பசையிலும் கலந்து அந்தத் தாளின்மேல் பூசுகிறோம். சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படித்தபோது அந்தக் கலவையை ஸ்லரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் எல்லோரும் மாவு என்கிறார்கள், நானும் மாவுக்கு மாறிவிட்டேன். மாவின் பதத்தையும் பூச்சின் சீரையும் பார்ப்பது என் வேலை.

பூசுவது ஓர் எஃகு உருளை. அதன் உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் குழிகள். குழிகள் மாவை வாங்கித் தாளில் வைத்துவிட்டுச் சுற்றிப் போகும். எங்காவது குழி அடைத்துக்கொண்டால், அந்த இடத்தில் தாள் மொட்டையாக வெளியே வரும். அதனால் ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டு உருளையை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி சிதம்பரம் கீழ வீதியிலிருந்து காரில் பெரிய தட்டோடு வந்தார். சாமந்திப்பூவைக் கட்டியது நான், பொரி கடலை வாங்கி வந்ததும் நான். அவர் மோட்டாருக்கு விபூதி பூசினார், கரண்ட் பெட்டிக்கெல்லாம் பொட்டு வைத்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து உருளையிலேயே, நட்டநடுவில், வரிசையாக மூன்று வட்டம் வைத்து மேலே குங்குமம் அப்பினார்.

“சார், உருளையில வேணாம். மிஷின் பாடியில வைங்க” என்றேன்.

“மிஷினுக்கு மூஞ்சியே அதாம்மா” என்று சிரித்தார்.

மறுநாள் விஜயதசமி. பேட்டரி செல் செய்கிற ஒரு கம்பெனி முதன்முதலாகக் கேட்ட ரோலை நல்ல நாளில் ஓட்ட வேண்டும் என்று காலையிலேயே மிஷினைப் போடச் சொல்லிவிட்டார். ஓடி முடிந்த ரோலிலிருந்து ஒரு நீளத்தை வெட்டி, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் விரித்தேன். வெள்ளைத் தாளில் மூன்று இடத்தில் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. ஒரு சாண் தள்ளி மறுபடியும் மூன்று, அப்புறமும் மூன்று. உருளையின் சுற்றளவை அளந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் வைத்த பொட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் விழுந்திருந்தது.

மிஷின் ஓட்டும் அக்காவிடம் போனேன். “உருளையைத் தேய்க்கலையாக்கா?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “சாமி சந்தனம். அதப் போயி பிரஷ்ஷு போட்டு எப்பிடி தேய்க்கறது? ஈரத்துணியால நல்லாத்தான் தொடச்சேன்.”

மேலே இருந்த சந்தனம் துணியோடு போயிருக்கிறது. குழிக்குள் போனது அங்கேயே தங்கிவிட்டது. அக்காவைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. எங்கள் மாதா கோயில் பங்கில் புது வண்டி வாங்கினால் பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அந்தத் துளி தானாகக் காய்கிறவரை என் அப்பா வண்டியைத் துடைக்க விடமாட்டார். அக்கா செய்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வட்டம் விழுந்த துண்டைச் சோதனை அடுப்பில் வைத்து சூடேற்றினேன். மற்ற இடமெல்லாம் அசையாமல் இருக்க, மூன்று வட்டமும் தணலில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு ஓட்டையாகிவிட்டன. துண்டை எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவுங்க ஓரத்துல வெட்டித்தான் டெஸ்ட் பண்ணுவாங்க. நடுவுல இருக்கறது யாருக்குத் தெரியப்போவுது? வுடும்மா.”

“தீப்பிடிக்கும் சார்.”

“எல்லாத்துக்கும் தீப்பிடிக்கும் தீப்பிடிக்கும்னுகினு இருக்காத.”

“சந்தனம் குழியில இருக்கு சார். உருளையக் கழுவிட்டு வேற ரோல் ஓட்டிடலாம். ஒரு நாள் வேலைதான்.”

அவர் முகம் மாறியது. “ஓஹோ, பூஜ போட்டதுதான் தப்புங்கற. உங்க ஆளுங்களுக்கு சாமி சந்தனம்னா அவ்ளோ எளக்காரம்.”

எங்க ஆளுங்க! முந்தின நாள் நான் கட்டிய பூ அவர் தலைக்கு மேலேயே, சாமி படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டும்போது நான் யார் ஆள் என்று அவர் கேட்கவில்லை. பொரியை வாயில் போட்டுக்கொண்டபோதும் கேட்கவில்லை. தாளில் ஓட்டை இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் என் ஞாயிற்றுக்கிழமைப் பூசை அவருக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சிதம்பரத்தில் என் அண்ணன் பிள்ளைகள் பேட்டரி ஆட்டோவில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். சீட்டுக்கு அடியில் பேட்டரி, சீட்டில் நான்கு பேர், மடியில் இரண்டு பேர். இந்த ரோல் அந்த ஆட்டோவுக்கே போகுமா என்றால் தெரியாது. யாராவது ஒருவர் பிள்ளைக்கு அடியில் போகும்.

ஷெட்டுக்கு வந்தேன். ரோலை பாலித்தீன் சுற்றி அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள். தாள் வெட்டும் பிளேடை எடுத்து, ரோலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு ஆழமாக இழுத்தேன். ஒரு முறை போதும்தான். ஆத்திரம் அடங்கவில்லை, இரண்டாவது முறையும் இழுத்தேன். அக்கா “ஐயையோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி ஓடி வந்து, எல்லோருக்கும் எதிரில், இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று கத்தினார். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஓ.டி. என்கிற கடலூர் ஓல்டு டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் உருளையைத் தேய்த்துக் கழுவிப் புது ரோல் ஓட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் தாமதம் என்று செல் கம்பெனிக்காரர்கள் கேட்டதற்கு, பூச்சு திருப்தியாக இல்லை, நாங்களே கிழித்துப் போட்டுவிட்டோம் என்று சொல்லியிருக்கிறார் முதலாளி. அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ரோலும் டெஸ்ட்டில் தேறியது. அடுத்த வாரம் போன் வந்தது, “என்னம்மா, வீட்லயே குந்திகினு இருக்க? வா” என்று. மன்னிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் போனபோது வாசலில் அந்தக் கண்ணாடிப் பெட்டியை வைத்திருந்தார்கள். ஏன் திரும்பிப் போனாய் என்று அம்மா இன்னும் கேட்கிறாள். நான் இல்லாவிட்டால் அந்த மேஜையில் தாளை விரித்துப் பார்க்க அங்கே வேறு ஆள் இல்லை.

இந்த வருஷப் பூஜைக்கு செல் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதலாளி முதலில் அவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். பிறகு தட்டோடு மிஷினுக்கு வந்தார். மோட்டார், கரண்ட் பெட்டி, எல்லாம் முடிந்தது. சந்தனம் தொட்ட விரல் மறுபடியும் நேராக உருளைக்குத்தான் போனது.

உருளையின்மேல் படாமல், அதை மறைத்தபடி என் கையை விரித்து நீட்டினேன்.

“கைய எடும்மா” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்களுக்குக் கேட்காதபடி.

“எங்க ஆளுங்க கைதான் சார். பரவால்ல, இதுலயே வைங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

வந்தவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு வேறு வழியில்லை. என் புறங்கையில் மூன்று வட்டம் வைத்து, மேலே குங்குமம் வைத்தார். சந்தனம் சில்லென்று இருந்தது. கோபம் ஆறவில்லை.