பாங்காக்கில் ஒரு தரிசன வரிசை

பாங்காக் போக மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தபோது கூடவே உபதேசமும் கொடுத்தான். சுமை கூடாது, அவசரம் கூடாது, அந்தந்த நிமிஷத்தை ரசிக்க வேண்டுமாம். அவனுடைய நைனாவுக்கு, அதாவது என் கணவருக்கு, அது வேதவாக்காகிவிட்டது. ஒரு சின்னத் தோள்பையோடு கிளம்பினார். அதில் ஒரு சட்டையும் சீப்பும் இருந்தன. மீதிச் சட்டைகள், மாத்திரை, சார்ஜர், பருப்புப்பொடி எல்லாம் என் பையில். சுமையில்லாமல் பயணம் செய்வது எவ்வளவு சுலபம் என்று சென்னை விமான நிலையம்வரை எனக்கு விளக்கியபடியே கைவீசி நடந்தார்.

எனக்கு ஒரே ஆசை, படகு. பிறந்தது விஜயபுரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருப்பதியில். படகில் கால் வைத்ததே இல்லை. அங்கே நகரத்தின் நடுவில் ஆறு ஓடுகிறது, அதில் பஸ் மாதிரி படகு விடுகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அதே நினைப்பு. கோயில், கடை என்று அவர் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், கடைசி நாள்தான் அதற்குக் கிடைத்தது. இரவு விமானம்.

படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு வரிசை தென்பட்டது. தெருமுனை தாண்டியும் நீண்டிருந்தது. அவ்வளவுதான், என் கணவரின் கால்கள் நின்றுவிட்டன. அவர் திருப்பதியில் ஒரு லாட்ஜின் கவுன்ட்டரில் உட்காருபவர். எந்த வரிசை எப்போது நகரும் என்று பக்தர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். எங்கள் ஊரில் வரிசையைக் கண்டால் முதலில் நிற்பார்கள், எதற்கென்று பிறகுதான் கேட்பார்கள்.

“பதா, பதா!” என்று தெலுங்கில் விரட்டி என்னையும் நிற்கவைத்தார்.

“இன்னாத்துக்குங்க இந்த லைனு?”

“இவ்ளோ ஜனம் சும்மா நிக்குமா? நில்லுமே, உள்ள போனா தெரிஞ்சிட்டுப் போவுது.”

நின்றோம். நிமிஷத்தை ரசித்தோம். முன்னால் நின்ற ஆளிடம் அவர் தெலுங்கில் பேச்சுக் கொடுத்தார். அந்த ஆள் தம்முடைய பாஷையில் பதில் சொன்னார். இருவருக்கும் பரம திருப்தி. வெயில் உச்சிக்கு ஏறியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேஷனுக்கு நின்றாயிற்று, பஸ்ஸுக்கு நின்றாயிற்று, கடல் தாண்டி வந்தும் நிற்க வேண்டுமா?

“நான் படகுல போய்க்கினு வர்றேன்.”

“தனியாவா? பாஷ தெரியாத ஊர்லயா?”

“நீங்க மட்டும் தெரிஞ்சா நின்னுக்கினு இருக்கீங்க?”

என் பையைக் கழற்றி அவர் தோளில் மாட்டினேன். மகனின் உபதேசம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

படகில் ஓரமாக நின்றேன். தண்ணீர் முகத்தில் தெறித்தது. கோபுரங்களும் பாலங்களும் வந்து வந்து போயின. ஒன்றின் பெயரும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. சார்ஜர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கடைசித் துறைவரை போய்விட்டுத்தான் திரும்பினேன்.

அவர் ஒரு கடை வாசலில் நின்றிருந்தார். பொம்மைக்கடை. ஒற்றைக் கண்ணை மூடியிருந்த பச்சைப் பூனைப் பொம்மைக்குத்தான் அத்தனை கூட்டம். இரண்டு தோளிலும் பை, சட்டையெல்லாம் வேர்வை. பின்னால் வருகிறவர்களை ஒவ்வொருவராக முன்னே போகவிட்டுக்கொண்டிருந்தார்.

“உள்ள போவலியா? ஏதாவது துன்னீங்களா?”

“நீ இல்லாம இன்னாத்தப் போறது?” என்று எரிந்து விழுந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதற்கு ஒரு பொம்மைக்கடை வாசல் தேவைப்பட்டிருக்கிறது.

“படகு எப்பிடிமே இருந்துச்சு?”

என் வாழ்நாளில் அப்படியொரு மத்தியானம் வாய்த்ததில்லை. அவர் கூட இல்லாததால்தான் அது வாய்த்தது. அதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“சுமாருதாங்க” என்றேன்.

இப்போது லாட்ஜில் யாராவது பாங்காக் பேச்சை எடுத்தால், “படகா? அதெல்லாம் வேஸ்ட்டு. எங்க ஊட்டுல போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாங்க” என்கிறார். நான் பக்கத்தில் இருந்தால், ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.